சாகக் கிடந்தபோது எழுதிய பொய்

தனுர்வாதம் வந்து பிழைத்தவர்கள் கொஞ்சம் பேர்தான் என்று கண்டி ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். நான் பிழைத்தேன். அதனால் எங்கள் சபையில் என்னைச் சாட்சி எழுதித் தரும்படி கேட்டார்கள். "சந்தேகம் வந்த நேரத்தில் விசுவாசத்தில் எப்படி உறுதியாக நின்றாய், அதை எழுது. வாலிபர் கூட்டத்தில் வாசிக்கலாம்" என்றார் உபதேசியார். இரண்டு தடவை எழுதிக் கிழித்துப் போட்டேன். இது மூன்றாவது. இதைக் கூட்டத்தில் வாசிக்க விடுவார்களோ என்னவோ, எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் எழுத்துக் கற்ற முதல் ஆள் நான். அந்த எழுத்தை வைத்து ஒரு பொய்யும் எழுதியிருக்கிறேன். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கெலிஓயாவுக்கு மேலே மலையில் ஒரு தேயிலைத் தோட்டம் எங்கள் இடம். அப்பா தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர். எனக்கு வீட்டில் வைத்த பெயர் கருப்பையா. கீழே மிஷன் பள்ளிக்கூடத்தில் தங்கிப் படித்து, பிறகு தோட்டத்துப் பள்ளிக்கூடத்திலேயே உபாத்தியாயராக வந்தேன். வந்த மூன்றாம் வருஷம் மார்கழியில் ஞானஸ்நானம் பெற்றுச் சாமுவேல் ஆனேன். அப்பா திட்டவில்லை. "பேர மாத்திக்கிட்டா, கூப்பிட்டா திரும்பிப் பாப்பியாடா?" என்று மட்டும் கேட்டார்.

ஆனால் நான் பாதியில் விட்டுவந்த ஒரு நேர்த்தி இருந்தது. மாசி மாதத்தில் எங்கள் தோட்டங்களில் காமன் கூத்து நடக்கும். காமன் கம்பம் நட்டு, ஒருவன் மதன் வேஷமும் ஒருவன் ரதி வேஷமும் கட்டி, கூலிகளின் வரிசை வீடுகளான லயங்கள்தோறும் ஆடி வருவார்கள். கடைசியில் சிவன் மதனை எரிப்பார், மூன்றாம் நாள் எழுப்புவார். வேஷம் கட்டுகிறவன் கையில் காப்புக் கட்டிக்கொள்ள வேண்டும். அது பெரும்பாலும் வேண்டுதலுக்காகக் கட்டுவது. என் அக்கா செல்லம்மாவுக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம் பிள்ளையில்லை. அம்மா கண்ணை மூடுவதற்கு முன் கம்பத்தடியில் விழுந்து, மகளுக்கு ஒரு பிள்ளை கொடு, என் மகன் மூன்று மாசி ரதி வேஷம் கட்டுவான் என்று நேர்ந்துகொண்டாள். நான் இரண்டு மாசி கட்டினேன். மதன் வேஷம் அக்காவின் புருஷன் மாணிக்கம் மச்சானுக்கு. மச்சினனைப் பொண்டாட்டியாக்கிக்கொண்டான் என்று தோட்டம் முழுக்கக் கேலி. இரண்டாம் மாசியில் அக்கா முழுகாமல் இருந்தாள். பொன்னி பிறந்தாள்.

மூன்றாம் மாசிக்கு முன்பு நான் கிறிஸ்தவனாகிவிட்டேன். மச்சான் பள்ளிக்கூடத்து வாசலுக்கே வந்து கெஞ்சினான். "ஒரே ஒரு வருசம்டா. மனசுக்குள்ள ஒன் சாமியையே நெனச்சுக்கிட்டு ஆடு, எனக்கென்ன?" என்றான். நான் மாட்டேன் என்றேன். அப்படி மறுத்ததில் எனக்கு இன்றும் வருத்தமில்லை. ஒரு மனதை வைத்துக்கொண்டு இரண்டு இடத்தில் காப்புக் கட்ட முடியாது. அந்த வருஷம் வேறொருவனுக்குச் சேலை கட்டிவிட்டு ஆடினார்கள். ஆனாலும் நேர்த்தி அவனுடையதில்லையே என்று மச்சான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான்.

பங்குனியில் காய்ச்சல் வந்தது. அந்த வருஷம் மலைக்குக் கீழெங்கும் காய்ச்சல்தான், எங்கள் லயத்தில் மட்டும் ஐந்து பேர் போனார்கள். பொன்னிக்குப் பதினொரு மாதம். கொயினா மருந்தைக் கரைத்துக் கொடுத்ததைக் கக்கினாள், நான்காம் நாள் முடிந்துவிட்டது.

குழியை மச்சானே வெட்டினான். யாரையும் மம்பட்டியைத் தொட விடவில்லை. எங்களில் பெண்கள் இடுகாட்டுக்கு வருவதில்லை, ஆண்கள் ஏழெட்டுப் பேர் இருந்தோம். மண் தள்ளி மூடியதும் மச்சான் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். "நீ அந்தச் சேலையக் கட்டியிருந்தா இவ இருந்திருப்பா" என்றான். அழவில்லை, கத்தவுமில்லை.

நான் வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது, மார்கழியில்தான் ஞானஸ்நானம், வேதத்தில் பாதியை மனப்பாடமாகச் சொல்வேன். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இது சாட்சி சொல்லுகிற நேரம் என்று நினைத்தேன். நான் சொன்னது இதுதான்:

"என்னால இல்ல மச்சான். நீ பேய்க்கு முன்னால ஆடுன. அதுக்குக் கெடச்ச கூலிதான் இது. ஒன் புள்ள ஒனக்கு வந்த தண்டனை."

மம்பட்டியின் முதல் வெட்டு தோளை உரசிக்கொண்டு போனது. திரும்பி ஓடினேன். இரண்டாவது வெட்டு இடது கெண்டைக்காலில் இறங்கியது. நனைந்த வாழைத்தண்டை வெட்டுகிற சத்தம் கேட்டது, வலி பிறகுதான் வந்தது. மல்லாந்து விழுந்து பார்த்தால் சதை மூடி திறந்ததுபோல் தொங்குகிறது, உள்ளே வெள்ளையாக எலும்பு. மம்பட்டியில் ஒட்டியிருந்த குழிமண் முழுவதும் என் காலுக்குள் இருந்தது. மூன்றாம் தடவை அவன் ஓங்கியது என் தலைக்கு. அப்பா பின்னாலிருந்து அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டு இரண்டு பேருமாகச் சரிந்து அந்தச் சின்ன மேட்டின் மேலேயே விழுந்தார்கள். மச்சான் எழுந்திருக்கவில்லை. மேட்டைக் கட்டிக்கொண்டு அப்படியே கிடந்தான்.

தோட்டத்து மருந்துக்காரர் காலைத் தைத்துக் கட்டினார். மறுநாள் பொலிஸ் சார்ஜன் வந்து என்ன நடந்ததென்று கேட்டார். காமன் கூத்தில் வேஷம் கட்ட மறுத்தேன், நான் கிறிஸ்தவன், அந்தக் கோபத்தில் வெட்டினான் என்றேன். ஒவ்வொரு சொல்லும் உண்மை. இடுகாட்டில் நான் சொன்ன வார்த்தையை மட்டும் விட்டுவிட்டேன். அங்கிருந்த மற்றவர்கள் பொலிசுக்குப் பயந்து, எதுவும் காதில் விழவில்லை என்றார்கள். மச்சானைக் கைவிலங்கிட்டுக் கொண்டுபோனபோது அவனும் வாயைத் திறக்கவில்லையாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே உபதேசியார் என் பெயரைச் சொல்லிப் பிரசங்கம் செய்தார். பிலிமத்தலாவையிலிருந்தும் அம்பிட்டியவிலிருந்தும் முன்பின் தெரியாதவர்கள் தோடம்பழத்தோடு வந்தார்கள். இரத்த சாட்சி என்று ஒரு அம்மா என் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எனக்கு அது பிடித்திருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

வெட்டுப்பட்ட ஒன்பதாம் நாள் காலையில் ரொட்டியைக் கடிக்க முடியவில்லை. பல்வலி என்று நினைத்தேன். மத்தியானம் கழுத்து விறைத்தது. சாயந்தரம் அப்பா வேலை முடிந்து வந்து, "என்னடா தனியா ஒக்காந்து சிரிக்கிற?" என்றார். நான் சிரிக்கவில்லை. உதடுகள் தாமாகவே காதுப்பக்கம் இழுத்துக்கொண்டிருந்தன. அதைச் சொல்ல வாயைத் திறக்கப் பார்த்தேன், திறக்கவில்லை.

மாட்டு வண்டியில் கெலிஓயா வரை, அங்கிருந்து பஸ்ஸில் கண்டி. பேராதனைப் பாலத்தில் பஸ் ஒரு குழியில் விழுந்து எழுந்தது. அப்போதுதான் முதல் இழுப்பு வந்தது. யாரோ என் தலைமயிரையும் குதிகாலையும் பிடித்து முதுகுப்பக்கமாக ஒன்று சேர்க்கப் பார்ப்பதுபோல் இருந்தது. தலையும் குதிகாலும் மட்டும் பலகையில் பட, நடு உடம்பு வில்லாக வளைந்து மேலே நின்றது. பஸ்ஸில் இருந்தவர்கள் பேய் பிடித்திருக்கிறது என்று இறங்கிப் போனார்கள்.

ஆஸ்பத்திரியில் முதலில் பார்த்தவர் ஓர் அப்போதிக்கரி ஐயா, டாக்டருக்கு அடுத்த வைத்தியர், யாழ்ப்பாணத்தார். ஒரு மரக்கரண்டியை என் பல்லுக்கிடையில் நுழைக்கப் பார்த்தார், நுழையவில்லை. "ஓம், இது அதுதான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு அப்பாவைத் தள்ளி நிறுத்தி நிதானமாக விளக்கினார். மண்ணில், அதிலும் சாணம் கலந்த மண்ணில் இருக்கிற கிருமி இது. ஆழமான காயத்துக்குள் போய், காற்றுப் படாத இடத்தில் உட்கார்ந்து விஷம் கக்கும். அந்த விஷம் நரம்பு வழியாக முதுகெலும்புக்குள் ஏறிவிட்டால், சின்ன வெளிச்சம், சின்னச் சத்தம், ஒரு விரல் பட்டால்கூடப் போதும், உடம்பிலுள்ள எல்லாத் தசையும் ஒரே நேரத்தில் இழுக்கும். மூச்சுத் தசை இழுத்துப் பூட்டிக்கொண்டால் ஆள் முடிந்தான்.

அன்றே மயக்கத்துக்குக் குளோரோபோம் கொடுத்துக் காலைத் திரும்பத் திறந்தார்கள். அழுகிய சதையை வெட்டி எடுத்து, உள்ளேயிருந்த மண்ணைக் கழுவினார்கள். பிறகு சீரம் என்கிற மருந்து. குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக அந்த விஷத்தை ஏற்றிப் பழக்கி, அதன் இரத்தத்திலிருந்து எடுப்பது. முதுகெலும்பில் குத்தினார்கள், தொடையில் குத்தினார்கள். குத்தும்போதெல்லாம் நான் வில்லானேன். ஓர் இழுப்பில் கடைவாய்ப் பல் ஒன்று உடைந்தது. இன்னொன்றில் நாக்கு பல்லுக்கிடையில் மாட்டி, வாய் நிறைய இரத்தம், துப்ப வழியில்லாமல் அதையே விழுங்கினேன். இதில் பெரிய கொடுமை, புத்தி கொஞ்சமும் கலங்குவதில்லை என்பதுதான். எல்லாம் தெளிவாகத் தெரிந்துகொண்டே இருக்கும்.

ஜன்னல்களில் கறுப்புத் துணி அடித்த ஒரு தனி அறையில் போட்டார்கள். அப்பா வேலைக்குப் போகாவிட்டால் தோட்டத்துப் பதிவில் பேர் விழாது, பேர் விழாவிட்டால் அரிசி கிடையாது. ஆகவே கூட இருக்க வந்தது அக்கா. புருஷன் சிறையில், பிள்ளை குழியில். அவள் வந்ததைப் பார்த்து எல்லாரும் ஆச்சரியப்பட்டார்கள். உடைந்த பல் இருந்த ஓட்டை வழியாக, பஞ்சை நனைத்துச் சொட்டுச் சொட்டாகக் கஞ்சித் தண்ணீர் விட்டாள். ஒரு கிண்ணம் முடிய ஒரு மணி நேரம் ஆகும். பொன்னி குடிக்காத பால் அவள் மாரில் கட்டிக்கொண்டிருந்தது. ரவிக்கை நனைந்து காய்ந்து விறைத்திருக்கும். இடையிடையே எழுந்து வெளியே போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் பீய்ச்சிவிட்டு வருவாள். எனக்கு மறுபடியும் பஞ்சை நனைப்பாள்.

விசுவாசத்தைப் பற்றித்தான் உபதேசியார் கேட்டார். எழுதுகிறேன். முதல் இரண்டு நாள் ஜெபித்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயில் மணி அடித்தது. மணியின் ஒவ்வொரு அடிக்கும் என் முதுகு முறிந்தது. பதினாறு, பதினேழு வரை எண்ணினேன். என் தேவனுடைய வீட்டு மணிதான் என்னைச் சித்திரவதை செய்கிறது என்ற நினைப்பு அப்போதுதான் முதலில் வந்தது. மத்தியானம் சபையார் பத்துப் பேர் வந்து, எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று கதவுக்கு வெளியே நின்று பாட்டெடுத்தார்கள். முதல் அடியிலேயே நான் கட்டிலைவிட்டு எழும்பி நின்றேன், தலையிலும் குதிகாலிலும். மூச்சு நின்றுபோயிற்று. அப்போதிக்கரி ஐயா செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு ஓடிவந்தார். "ஐயாமார், உங்கட பாட்டு இந்தப் பெடியனைக் கொல்லப்போகுது. சத்தமில்லாமல் போங்கோ" என்றார்.

பிறகு நான் ஜெபிக்கவில்லை. ஜெபிக்கத் தொடங்கினால் மணி ஞாபகம் வந்தது, மணி ஞாபகம் வந்தால் உடம்பு இழுத்தது. அதற்குப் பதிலாக மாணிக்கத்தை நினைத்தேன். அவன் கழுத்தில் கயிறு விழுவதை, கீழே பலகை விலகுவதை, கால் உதறுவதை ஒவ்வொன்றாக, திரும்பத் திரும்ப நினைத்தேன். சில நேரம் அந்த மம்பட்டியை நானே பிடித்திருந்தேன். ஜெபம் தராத சாந்தத்தை அது தந்தது. மேலே கேட்க யாருமில்லை போலும் என்று நினைத்தேன். இருந்திருந்தால் என்னை இப்படி வளைத்துப் பார்த்துக்கொண்டிருப்பாரா? அந்த நினைப்பு வந்தபோது நான் எதிர்த்துப் போராடவில்லை. சரி என்று விட்டுவிட்டேன்.

ஆஸ்பத்திரிக்கு வந்த ஐந்தாம் நாள் நான் தேறமாட்டேன் என்று முடிவு செய்து நீதவானுக்குச் சொல்லியனுப்பினார்கள். அடிபட்டவன் சாகப்போகிறான் என்றால் நீதவான் ஆஸ்பத்திரிக்கே வந்து வாக்குமூலம் வாங்குவார். சத்தியம் செய்யச் சொல்வதில்லை. சாகக் கிடக்கிறவன் பொய் சொல்லமாட்டான் என்பது சட்டத்தின் நம்பிக்கை. அக்காவை வெளியே அனுப்பினார்கள். நீதவான் துரை, ஒரு மொழிபெயர்ப்பாளர், டாக்டர், சபையின் சார்பில் உபதேசியார் என்று நாலு பேரும் சத்தம் வராமல் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வந்து நின்றார்கள். என் வாய் திறக்காது, வலது கை மட்டும் இழுப்புக்கு நடுவில் ஓரளவு சொன்னபடி கேட்கும். ஓர் அட்டையையும் பென்சிலையும் கொடுத்தார்கள். மொழிபெயர்ப்பாளர் காதோடு காதாகக் கேட்டார்: வெட்டியது யார்? எதற்காக?

மாணிக்கம் என்று எழுதினேன். எதற்காக என்பதற்கு முன்னால் பென்சில் நின்றது. இடுகாட்டில் நான் சொன்னதை எழுத நாலு வரி போதும். ஆத்திரமூட்டியது நான் என்று எழுதினால் அவனுக்குத் தூக்கு தப்பலாம் என்பது எனக்குத் தெரியும், அவ்வளவு சட்டம் படித்திருந்தேன். சாகப்போகிறேன் என்பதும் தெரியும். நான் எழுதியது: கிறிஸ்துவுக்காக வெட்டப்பட்டேன்.

உபதேசியார் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நீதவான் கையெழுத்துப் போட்டார். கதவை மூடிக்கொண்டு போனார்கள்.

எல்லாம் ஒழுங்காக முடிந்தது, நான் நிம்மதியாகச் செத்திருக்க வேண்டும். ஆனால் அதன் பிறகு தூக்குக்கயிற்றை நினைத்துப் பார்த்தால் சாந்தம் வரவில்லை. கயிற்றில் தொங்குகிறவன் ஒரு பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு தொங்கினான். மேலே கேட்க யாருமில்லை என்று விட்டுவிட்டேனே, அப்படியானால் இதை இப்போது யாரிடம் ஒப்புக்கொள்வது? வாய் பூட்டியிருக்கிறது, அக்காவிடம் சொல்ல முடியாது. கையில் பென்சில் இல்லை. சொல்லிக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் என்று நாய் மாதிரி உள்ளுக்குள் ஊளையிட்டேன். கர்த்தாவே என்று ஆரம்பிக்காமல், "நான் பொய் எழுதிவிட்டேன்" என்று மட்டும் சொன்னேன். பதில் ஒன்றும் வரவில்லை. இருந்தும் அன்று முழுக்க அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். விசுவாசத்தில் உறுதி என்று கேட்டால், என்னிடம் அந்த நாட்களில் இருந்தது அவ்வளவுதான்.

நான் சாகவில்லை. இரண்டாம் வாரம் முடியும்போது இழுப்பு குறைந்தது. குதிரைச் சீரத்தால் உடம்பெல்லாம் தடித்துச் சிவந்து, சொறிந்து சொறிந்து புண்ணாயிற்று. மூன்றாம் வாரம் வாய் ஒரு விரல் நுழையுமளவு திறந்தது. பொது வார்டுக்கு மாற்றினார்கள்.

பக்கத்துக் கட்டிலில் கெலிஓயாக் கடைக்காரர் காசிம் நானா, கூரையிலிருந்து விழுந்து இடுப்பு முறிந்தவர். என் தலைமாட்டில் குவிந்திருந்த பழங்களைப் பார்த்துவிட்டு, "தம்பிதான் அந்த வேதக்காரப் புள்ளயா? ஊரெல்லாம் ஒங்கட கததான். நானும் விழுந்து பதினஞ்சு நாளாவுது, எனக்கு ஒரு தோடம்பழம் கொண்டார ஆளில்ல" என்றார். எல்லாவற்றையும் அவர் பக்கம் தள்ளிவிட்டேன். நல்ல காரியம் செய்தவன் முகம் மாதிரி இல்லையே என்று சந்தேகமாகப் பார்த்துக்கொண்டே உரித்தார்.

அன்று மத்தியானம் அக்கா கஞ்சி கொண்டுவந்தாள். இப்போது கரண்டியால் ஊட்டலாம். நாலு வாய் ஊட்டிவிட்டு, யாரையும் பார்க்காமல் சொன்னாள்: "கோர்ட்டுல கேப்பாங்களாம். வழுக்கி மம்பட்டி மேல விழுந்துட்டேன்னு சொல்லிரு தம்பி. அவரு வந்துருவாரு."

அது பொய், சொல்லமாட்டேன் என்றேன். சொல்லும்போதே என் காதில் அந்தச் சொல் நாறியது. ஒரு பெரிய பொய்யை எழுதிக் கொடுத்துவிட்டு இந்தச் சின்னப் பொய்க்கு வேதம் பேசுகிறேன். கரண்டியைப் பிடித்து நிறுத்தினேன். தாடை சரியாக அசையாது, பல்லிடுக்கில்தான் பேச்சு வரும். இடுகாட்டில் மச்சான் சொன்னதையும் நான் சொன்னதையும் ஒரு சொல் விடாமல் சொன்னேன். பொன்னியைத் தண்டனை என்று சொன்னதைச் சொன்னேன். நீதவானுக்கு எழுதியதையும் சொன்னேன்.

அக்கா கிண்ணத்துக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியும்" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"வெலங்கு போட்டுக் கூட்டிப்போறதுக்கு முன்னாடியே அவரு எங்கிட்ட சொல்லிட்டாரு. ஒன் தம்பி நம்ம புள்ளய இப்பிடிச் சொன்னான், அதான் வெட்டுனேன்னு." கரண்டியைக் கிண்ணத்துக்குள் போட்டாள். "ஒன்னப் பாத்துக்க வந்தேன்னு எல்லாரும் நெனச்சாங்க. நான் அதுக்கு வரல. ஒரு சத்தம் போட்டாப் போதும் செத்துருவான்னு டாக்டரு சொன்னத அப்பா வந்து சொன்னாரு. மூணாம் நா மத்தியானம் தண்ணி வாளியத் தலைக்கு மேல தூக்குனேன், ஒன் காதுகிட்ட போட. நீ கண்ண மூடிக் கெடந்த."

"ஏன் போடல?"

"தெரியல. கை வலிச்சுச்சு. மெதுவா எறக்கி வச்சேன். சத்தம் வரக்கூடாதுன்னு அப்பத்தான் பயந்தேன்."

அவள் எழுந்தாள். கிண்ணத்தை என் கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டாள். "இனிமே நீயே குடி. கைதான் நல்லா இருக்கே." சேலையை உதறிக்கொண்டு போய்விட்டாள். அதற்குப் பிறகு அவள் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. காசிம் நானா உரித்த பழத்தைத் தின்னாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

அன்று நான் ஜெபித்தேன். இந்தத் தடவை கர்த்தாவே என்று சொல்லித்தான் ஆரம்பித்தேன். சந்தேகம் போய்விட்டது என்று நினைக்கவேண்டாம். அது இருந்த இடத்திலேயே இருந்தது. ஆனால் என்னைக் கொல்லவென்று வந்தவளின் கையிலிருந்து அந்த வாளி மெதுவாக இறங்கியிருக்கிறது. இறக்கியது யார் என்று நான் யாரிடமும் வாதாடமாட்டேன். அவளிடம் ஒருபோதும் வாதாடமாட்டேன். நன்றி சொல்ல ஓர் இடம் வேண்டியிருந்தது, சொன்னேன். கோர்ட்டில் முழுவதையும் சொல்கிறேன் என்றும் சொன்னேன்.

இதை உபதேசியாரிடம் தெரிவித்தபோது அவர் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். அவர் கெட்டவரில்லை. எனக்காக அழுதவர். தோட்டத்தில் நாலு குடும்பம் ஞானஸ்நானத்துக்குக் காத்திருக்கிறது, உன் இரத்தத்தைப் பார்த்து வந்தவர்கள், நீ வாய் தவறிச் சொன்ன ஒரு வார்த்தைக்காக அவர்களை இடறவைக்கப் போகிறாயா என்று கேட்டார். அந்த வார்த்தையைச் சொல்லத்தான் வேண்டுமா என்று இரண்டு மூன்று விதமாகக் கேட்டார். நான் அதை வாய் தவறிச் சொல்லவில்லை, நின்று நிதானித்துச் சொன்னேன் என்றேன். அவர் ஜெபம் பண்ணாமலே எழுந்து போனார். அப்படி அவர் போனது அதுதான் முதல் தடவை.

கோர்ட்டுக்கு இரண்டு கோலூன்றிப் போனேன். மச்சான் கூண்டில் நின்றான், மொட்டையடித்திருந்தார்கள். ஆஸ்பத்திரியில் நான் எழுதிக்கொடுத்த அட்டையை எனக்கே வாசித்துக் காட்டினார்கள். இது என் கையெழுத்துத்தான், ஆனால் காரணம் பொய் என்றேன். நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். சாகும் நேரத்தில் பொய் எழுதினாயா என்று மொழிபெயர்ப்பாளர் கேட்டார். ஆம் என்றேன். பிறகு இடுகாட்டு வார்த்தையை எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். உட்கார்ந்திருந்த சபையார் வரிசையில் ஒருவர் எழுந்து வெளியே போனார், பின்னாலேயே மூன்று பேர் போனார்கள். கூண்டுக்குள் மச்சான் கம்பியில் நெற்றியை மோதினான். ஒரு தடவை, இரண்டு தடவை. நெற்றி பிளந்து இரத்தம் வழிந்தபிறகுதான் காவல்காரர்கள் பிடித்தார்கள். அந்த வார்த்தையை அவன் மறுபடியும் கேட்கும்படி வைத்தவனும் நான்தான்.

பல வருஷம் கிடைத்திருக்க வேண்டியவனுக்கு இரண்டு வருஷம் கடுங்காவல் கிடைத்தது. நீதிபதி என்னையும் கடுமையாகக் கண்டித்து அனுப்பினார். பள்ளிக்கூட வேலை போயிற்று. பிலிமத்தலாவையில் ஒரு கடையில் கடிதம் எழுதிக்கொடுக்கிற வேலை பார்க்கிறேன். இடது கால் மடங்காது, கோயிலில் முழங்காலிடும்போது அதைப் பக்கவாட்டில் நீட்டிக்கொள்கிறேன். ஞாயிறு தவறாமல் போகிறேன். என் பக்கத்தில் உட்காருகிறவர்கள் குறைவு. மணி அடிக்கும்போது முதுகு இன்னும் விறைக்கிறது.

மாதம் ஒருமுறை சிறைக்குப் போய்ப் பார்க்க அனுமதி உண்டு. முதல் நாலு மாதம் மச்சான் என்னைப் பார்க்க வரமாட்டேன் என்று சொல்லியனுப்பினான். ஐந்தாம் மாதம் வந்தான். நெற்றியில் தழும்பு. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, நலம் விசாரிக்காமல் கேட்டான்.

"தண்டனைன்னு சொன்னியே. இன்னமும் அப்பிடித்தான் நெனைக்கிறியா?"

"இல்ல மச்சான்."

"அப்ப ஏன் செத்தா?"

"எனக்குத் தெரியாது."

"ஒன் சாமிக்குத் தெரியுமா?"

கோர்ட்டில் நின்றதைவிட அங்கே நிற்பது கடினமாக இருந்தது. "தெரியும்னு நம்புறேன்" என்றேன்.

"அப்பக் கேட்டுட்டு வந்து சொல்லு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனான்.

கேட்டுக்கொண்டிருக்கிறேன். காலையிலும் கேட்கிறேன், கடையில் அடுத்தவர் கடிதம் எழுதும்போதும் கேட்கிறேன். அதற்குப் பிறகு மூன்று மாதம் போய்வந்துவிட்டேன். சொன்னாரா என்று கேட்பான், இன்னும் இல்லை என்பேன், அதோடு எங்கள் நேரம் முடிந்துவிடும். போன மாதம் அவன் உடனே உள்ளே போகவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு என் காலைப் பார்த்தான். பிறகு, "விட்டுறாத. கேளு" என்றான்.